தொலைதூர எல்க் வேட்டைக்குக் குண்டு தேர்ந்தெடுப்பது: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில்

எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான் வகை) வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "எந்தக் குண்டுக்கு பிசி அதிகம்?" பிசி என்றால் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட். காற்றை எவ்வளவு எளிதாகக் கிழித்துக்கொண்டு போகும் என்பதைச் சொல்லும் எண். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதால் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். ஆனால் தேர்வில் அது ஏறக்குறைய கடைசியாக வரவேண்டிய விஷயம். வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள் நூற்றுக்கணக்கான டாலர் செலவழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைப் பார்த்துவிட்டேன். நானும் அப்படித் தொடங்கியவன்தான்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், உரிமத்தோடு நடக்கும் எல்க் வேட்டையை வைத்து. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. ஆகவே இது வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும்.

சொற்களையும் முதலிலேயே பிரித்துக்கொள்வோம். தோட்டா என்றால் உறை, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்து போகும் பகுதி மட்டும். நாம் தேர்ந்தெடுக்கப் போவது குண்டை. கடையில் வாங்குவதோ தோட்டாவை. ஒரே குண்டை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு வேகத்தில் தோட்டாவாக்கி விற்பது உண்டு.

1. கையில் இருக்க வேண்டியவை

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சரியாகப் பொருத்தி, திருகுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் திருகி) வைத்து முறுக்கிய துப்பாக்கி. தூரம் அளக்கும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர். குண்டின் பாதையைக் கணக்கிடும் ஏதாவது ஒரு செயலி. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்று, இரவல் கிடைத்தால் போதும். 400, 500 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) வரை சுட இடம் தரும் மைதானம். ஒரு நோட்டுப் புத்தகம்.

இவற்றில் புதியவர்கள் தவிர்க்கப் பார்ப்பது குரோனோகிராஃபை. "பெட்டியிலேயே வேகம் போட்டிருக்கே" என்பார்கள். அந்த எண் உங்கள் துப்பாக்கியின் எண் அல்ல. ஏன் என்று 4ஆம் படியில் வருகிறது.

காலமும் வேண்டும். அக்டோபர் வேட்டைக்கு மே மாதமே தொடங்கிவிடுங்கள். செப்டம்பரில் கடைக்குப் போனால் நீங்கள் தேடும் தோட்டா இருக்காது, இருப்பதை வாங்கிக்கொண்டு வருவீர்கள். அப்படி வாங்குவதற்குப் பெயர் தேர்வு அல்ல.

2. மாநில விதியைப் படியுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. ஆனால் முதலில் செய்தால்தான் பயன், ஏனென்றால் சில குண்டுகள் இங்கேயே கழிந்துவிடும்.

கொலராடோவில் எல்க்குக்கு விரியும் வகைக் குண்டுதான் அனுமதி. துப்பாக்கி குறைந்தது 0.24 காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்), குண்டு குறைந்தது 85 கிரெய்ன் (குண்டின் எடையளவு, ஒரு கிராம் சுமார் 15.4 கிரெய்ன்), 100 யார்டில் குறைந்தது 1000 அடி-பவுண்டு ஆற்றல். இராணுவ வகை முழு உலோக உறை போட்ட, விரியாத குண்டு கூடாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டே கூடாது. அங்கே போகிறவர் ஈயக் குண்டுகளைப் பற்றிய பத்திகளைத் தாண்டிவிடலாம். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை, அந்த ஆண்டுக்கான கையேட்டையே பாருங்கள்.

3. உங்கள் தூரம் எது?

"தொலைதூரம்" என்றால் எவ்வளவு என்று கேட்டால் 800, 1000 என்று பதில் வரும். காணொளிகள் செய்த வேலை. குண்டைத் தேடும் முன் உங்கள் தூரம் தெரிந்தாக வேண்டும், மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

கண்டுபிடிக்கும் முறை இது. 10 அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை 200 யார்டில் வையுங்கள். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி இதைவிடப் பெரியதுதான். ஆனாலும் மூச்சிரைப்புக்கும் படபடப்புக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். மேசையில் உட்கார்ந்து சுடாதீர்கள். மலையில் மேசை கிடையாது. முதுகுப்பையின் மேல் துப்பாக்கியை வைத்து, தரையில் படுத்தோ உட்கார்ந்தோ, குழல் ஆறியிருக்கும்போது ஒரே ஒரு வெடி. அன்றைக்கு அந்தத் தூரத்துக்கு அவ்வளவுதான். இப்படி வெவ்வேறு நாளில் பத்து வெடி. பத்தில் ஒன்பது தட்டில் விழுந்தால் 50 யார்டு பின்னால் போங்கள். எங்கே தவறுகிறதோ அதற்கு முந்தின தூரம்தான் உங்கள் எல்லை.

ஈயக் குண்டு போட்ட காலத்தில் என் எல்லை 450 யார்டு. நல்ல மைதானத்தில், காற்றில்லாத காலையில் 700 யார்டு இரும்புத் தகட்டை அடித்திருக்கிறேன். அதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 500 யார்டுக்குக் குண்டு போய்ச்சேர ஏறக்குறைய 0.6 விநாடி ஆகும். விசையை இழுத்த பிறகு எல்க் ஓர் எட்டு எடுத்து வைத்தால் போதும், நுரையீரலுக்குப் போகவேண்டியது வயிற்றுக்குப் போய்விடும். உங்கள் திறமையோ குண்டின் பிசியோ அதைச் சரிசெய்யாது.

பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சோதனையில் 300 முதல் 450 யார்டுக்குள்தான் வரும். அப்படி வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். தேர்வு எளிதாகிவிட்டது.

4. உங்கள் குழலிலிருந்து வரும் வேகத்தை அளங்கள்

பெட்டியில் உள்ள வேகம் பொதுவாக 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. மருந்து அதிகம் கொண்ட சில மேக்னம் வகைத் தோட்டாக்களுக்கு 26 அங்குலம். இப்போது சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸ்ஸர் மாட்ட வசதியாக 20 அங்குலக் குழல் வாங்குகிறார்கள். அங்குலத்துக்கு ஏறக்குறைய 20 முதல் 30 அடி/விநாடி குறையும் என்று வைத்துக்கொண்டால், நான்கு அங்குலத்தில் 100 போய்விடுகிறது.

அந்த 100 என்ன செய்யும் என்று கேட்பீர்கள். 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டா வகையில் 200 கிரெய்ன் ஹார்னடி இஎல்டி-எக்ஸ் குண்டு பெட்டிக் கணக்குப்படி 2850 அடி/விநாடியில் கிளம்புகிறது. கடல் மட்டத்துக் கணக்கில் 100 யார்டில் சுமார் 2690, 300 யார்டில் 2390, 500 யார்டில் 2110. ஒவ்வொரு 100 யார்டுக்கும் ஏறக்குறைய 140, 160 என்று வேகம் கரைகிறது. அப்படியானால் குழலில் இழந்த 100 அடி/விநாடி, தூரத்தில் எழுபது யார்டை விழுங்கிவிட்டது என்று பொருள்.

பத்து வெடியின் சராசரியை எடுங்கள். முடிந்தால் ஒரு குளிர் காலையிலும் அளங்கள். ஜூலையில் 30 டிகிரி வெயிலில் எடுத்த எண், அக்டோபர் இறுதியில் உறைநிலைக்குக் கீழே இருக்கும் மலையில் அப்படியே வராது. சில மருந்துகள் வெப்பநிலைக்கு அதிகம் ஆடும், சில ஆடாது. உங்கள் தோட்டா எந்த வகை என்று இரண்டு அளவீட்டில் தெரிந்துவிடும்.

5. மோதும்போது என்ன வேகம்?

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

வேட்டைக் குண்டு விலங்கில் மோதியதும் விரிய வேண்டும். விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. அதற்குக் கீழே போனால் குண்டு ஊசி போலத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். விலங்கு ஓடும், வெகுதூரம் ஓடும், இறக்க நேரமாகும். அதேபோல மேலேயும் ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு மேல் வேகமாக மோதினால் மென்மையான குண்டு எலும்பில் பட்டுச் சிதறும், ஆழமாகப் போகாது.

கீழ் எல்லையைத் தயாரிப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். நாஸ்லர் அக்யூபாண்டுக்கு 1800 அடி/விநாடி. பெர்கர் வேட்டைக் குண்டுகளுக்கும் 1800. ஹார்னடி இஎல்டி-எக்ஸுக்கு 1600. நாஸ்லர் அக்யூபாண்ட் லாங் ரேஞ்சுக்கு 1300. முழுத் தாமிரக் குண்டுகளுக்கு மாடலுக்கு மாடல் மாறும். இந்த எண்கள் விரிய ஆரம்பிக்கும் வேகம்தான், நன்றாக விரியும் வேகம் அல்ல. நான் எந்த எண்ணோடும் 200 கூட்டிக்கொள்கிறேன். விளம்பரம் எழுதியவர் மலைக்கு என்னோடு வரப்போவதில்லையே.

இப்போது செயலியில் உங்கள் வேகத்தையும் எல்லைத் தூரத்தையும் போட்டு, அங்கே குண்டு என்ன வேகத்தில் இருக்கும் என்று பாருங்கள். வேட்டை நடக்கும் உயரத்தையும் போட மறக்காதீர்கள். 9000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைப் போல முக்கால் பங்குதான். மேலே சொன்ன அதே குண்டு கடல் மட்டத்தில் 500 யார்டில் 2110 என்றால், அந்த உயரத்தில் சுமார் 2280 இருக்கும். மலை நமக்குச் சாதகம்.

சரி, கீழ் எல்லை ஆயிற்று. எல்லோரும் மறப்பது மேல் எல்லையை. தொலைதூரத்துக்கென்று தயாராகிப் போகிறவருக்கும் எல்க் பெரும்பாலும் கிடைப்பது ஊசியிலைக் காட்டுக்குள் 60, 80 யார்டில். என் முதல் ஆண்டு அப்படித்தான். பிசியைப் பார்த்து வாங்கிய மென்மையான குண்டு, 70 யார்டில் ஆண் எல்க்கின் தோள் எலும்பில் பட்டு உடைந்தது. நுரையீரலுக்குப் பாதிதான் போனது. இரண்டாவது வெடி உடனே கிடைத்ததால் தப்பித்தேன், விலங்கும் அதிக நேரம் துன்பப்படவில்லை. தூரத்தில் அருமையாக விரியும் குண்டுதான் அது. பக்கத்தில் அவ்வளவு வேகத்தைத் தாங்கும்படி செய்யப்படவில்லை.

ஆகவே நோட்டில் இரண்டு எண்களை எழுதுங்கள். 50 யார்டில் மோதும் வேகம், எல்லைத் தூரத்தில் மோதும் வேகம். உங்கள் குண்டு இரண்டிலும் வேலை செய்ய வேண்டும்.

ஆற்றலைப் பற்றி ஒரு வார்த்தை. எல்க்குக்கு 1500 அடி-பவுண்டு வேண்டும் என்று ஒரு பழக்கக் கணக்கு உண்டு. 6.5 கிரீட்மோர் தோட்டாவில் 143 கிரெய்ன் குண்டு 400 யார்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அதற்குக் கீழே வந்துவிடும், 500இல் சுமார் 1300. இது இயற்பியல் விதி அல்ல. ஆற்றல் குறைந்த குண்டு சரியான இடத்தில் பட்டால் எல்க் விழும், அதிக ஆற்றல் குடலில் பட்டால் விழாது. ஆனாலும் கையைக் கட்ட ஒரு கயிறாக அந்தக் கணக்கை வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

6. எழுதிய இரண்டு எண்ணுக்கு ஏற்ற கட்டமைப்பு

வழக்கமான உறையும் ஈயமும்: தாமிரக் கலவை உறைக்குள் ஈயம் ஊற்றிய குண்டு. இஎல்டி-எக்ஸ் இந்தக் குடும்பம்தான், உள்ளே ஈயத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு வளையமும் அடிப்பக்கம் தடித்த உறையும் சேர்த்திருக்கிறார்கள். தயாரிப்பாளரே சொல்வது, 400 யார்டுக்குள் எடையில் 50 முதல் 60 சதவீதம் மிஞ்சும், அதற்கு அப்பால் 85 முதல் 90 என்று. அதாவது பக்கத்தில் பாதி எடை சிதறும். சிறிய மானுக்கு இது பிரச்சினையே இல்லை. 300 கிலோ ஆண் எல்க்கின் தோளில் நேராகச் சுடுவதாக இருந்தால் யோசிக்க வேண்டும். இதைத் தேர்ந்தெடுத்தால் கனமானதை எடுங்கள். 200 கிரெய்னில் பாதி போனாலும் 100 மிஞ்சும்.

ஒட்டிய குண்டு: ஈயத்தை உறையோடு பிரியாமல் பிணைத்திருப்பார்கள். நாஸ்லர் அக்யூபாண்ட், ஸ்விஃப்ட் சிரோக்கோ, ஃபெடரல் டெர்மினல் அசென்ட் எல்லாம் இந்த வகை. பக்கத்தில் உடையாது, தூரத்தில் ஓரளவு விரியும். 50 யார்டுக்கும் 450 யார்டுக்கும் ஒரே குண்டு வேண்டும் என்கிற புதியவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். விலை கொஞ்சம் கூடுதல்.

முழுத் தாமிரம்: பார்ன்ஸ் எல்ஆர்எக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ் போன்றவை. ஈயமே கிடையாது. முன்பக்கம் நான்கோ ஆறோ இதழாக விரியும், எடை அநேகமாக முழுதாக மிஞ்சும். எலும்பை உடைத்துக்கொண்டு போவதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. இறைச்சியில் ஈயத் துகளும் இருக்காது. குறை என்னவென்றால், விரிய வேகம் வேண்டும். என் கூட்டாளி ஒருவர் தாமிரக் குண்டோடு அதன் கீழ் வேக எல்லைக்கு அருகில் சுட்டார். குண்டு விரியவே இல்லை என்பது பிறகு காயத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்று மணி நேரம் தடம் பார்த்து நடந்தோம்.

தாமிரத்துக்கு மாறுகிறவர்கள் எடையைக் குறைக்க வேண்டும். ஈயத்தில் 200 கிரெய்ன் போட்டவர் தாமிரத்தில் 175, 180 போடலாம். எடை சிதறாது என்பதால் ஆழத்தில் இழப்பில்லை, கூடுதல் வேகம் கிடைக்கிறது, அந்த வேகம்தான் தாமிரத்துக்கு உணவு.

போட்டிக் குண்டு: இங்கேதான் வாக்குவாதம். பிசி அதிகம், குரூப் (பல வெடிகள் விழும் இடத்தின் அகலம்) சிறியது, விலை குறைவு. "எல்க் செத்ததே" என்று படம் காட்டுவார்கள். சாகும்தான், சில சமயம். ஆனால் காகிதத்தில் ஓட்டை போடச் செய்த குண்டின் உறையும் முனையும் விரிவதற்காக வடிவமைத்தவை அல்ல. ஒரு தடவை வெடித்துச் சிதறும், மறு தடவை விரியாமல் போகும். சியரா நிறுவனமே தன் மேட்ச்கிங் குண்டை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. செய்தவரே வேண்டாம் என்கிறபோது நமக்கென்ன?

ஒரே நிறுவனத்தில் பெயர் ஒத்திருக்கும் வேட்டைக் குண்டும் போட்டிக் குண்டும் உண்டு. பெட்டியின் நிறத்தை நம்பாமல் பெயரை முழுசாகப் படியுங்கள். அவசரத்தில் மாற்றி வாங்கி வந்தவர் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் எனக்குத் தெரியும்.

7. ட்விஸ்ட் ஒத்துப்போகிறதா?

குழலின் உள்ளே இருக்கும் புரி குண்டைச் சுழல வைக்கிறது. அந்தப் புரி எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்று வருகிறது என்பதுதான் ட்விஸ்ட். 1:10 என்றால் 10 அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று. குண்டு நீளமாக ஆக வேகமான சுழற்சி வேண்டும். எடை அல்ல, நீளம்தான் முக்கியம். தாமிரம் ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது (8.96க்கு 11.34), ஆகவே அதே எடைக்குத் தாமிரக் குண்டு நீளமாக இருக்கும்.

மாமனாரிடமிருந்து வந்த 270 வின்செஸ்டர் துப்பாக்கியோடு ஒருவர் மைதானத்துக்கு வந்தார். அது பழைய 1:10 குழல். இணையத்தில் பார்த்து 170 கிரெய்ன் நீளக் குண்டு வாங்கி, தெரிந்தவரிடம் தோட்டாவாக்கி வாங்கியிருந்தார். அந்த வகைக்கு 1:8 வேண்டும். குரூப் சாப்பாட்டுத் தட்டளவுக்கு விரிந்தது. ஸ்கோப்பைக் குறை சொன்னார், மாற்றினார், மறுபடி அதே கதை.

உங்கள் குழலின் ட்விஸ்ட் தெரியவில்லையா? தோட்டா எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் பகுதி) கழற்றிவிட்டு, துடைப்புத் தண்டில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே விடுங்கள். தண்டின் கைப்பிடி தானாகச் சுழலும் வகையாக இருக்க வேண்டும். தண்டில் ஓர் அடையாளம் போட்டு, அது ஒரு முழுச் சுற்று வரும்வரை எவ்வளவு நீளம் உள்ளே போனது என்று அளங்கள். அதுதான் உங்கள் எண்.

தேவையான ட்விஸ்டைப் பல நிறுவனங்கள் பெட்டியிலேயே போடுகின்றன. இல்லையென்றால் செயலியில் நிலைத்தன்மை எண்ணைப் பாருங்கள். 1.5க்கு மேல் இருந்தால் நிம்மதி. 1.0க்கும் 1.5க்கும் நடுவில் குண்டு பறக்கும், ஆனால் பெட்டியில் சொன்ன பிசி முழுதாகக் கிடைக்காது. அடர்த்தியான குளிர்காற்றில் இந்த எண் இன்னும் இறங்கும்.

8. இப்போது பிசி

இதுவரை வடிகட்டியதில் மூன்று, நான்கு குண்டுகள் மிஞ்சியிருக்கும். அவற்றுக்குள் பிசி அதிகமானதை எடுங்கள், அவ்வளவுதான்.

பிசி உதவுவது முக்கியமாகக் காற்றுக்கு. தூரத்தை ரேஞ்ச்ஃபைண்டர் அளந்துவிடும், காற்றை யாரும் அளந்து தர மாட்டார்கள். மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில், 500 யார்டில், மேலே சொன்ன 200 கிரெய்ன் குண்டு சுமார் 15 அங்குலம் ஒதுங்கும். பிசி 0.35 உள்ள சாதாரண 150 கிரெய்ன் குண்டு 25 அங்குலம் ஒதுங்கும். காற்றை நீங்கள் பாதிக்குப் பாதி தப்பாகக் கணித்தாலும் முதலாவதில் பிழை ஏழு, எட்டு அங்குலம், இரண்டாவதில் ஓர் அடி.

ஆனால் 0.60க்கும் 0.63க்கும் உள்ள வேறுபாடு அப்படியல்ல. 450 யார்டில் ஓர் அங்குலம்கூட வராது. அந்த 0.03க்காக ஒட்டிய குண்டை விட்டுவிட்டுப் போட்டிக் குண்டுக்குப் போகிறவர்களை என்ன சொல்வது!

ஒரு பொறி: எந்த மாதிரிக் குண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஜி1, ஜி7 என்று இரண்டு பிசி உண்டு. ஒரே குண்டுக்கு ஜி7 எண் ஜி1இல் ஏறக்குறைய பாதி. 200 கிரெய்ன் இஎல்டி-எக்ஸுக்கு ஜி1 0.597, ஜி7 0.301. செயலியில் ஜி7 என்று தேர்ந்தெடுத்துவிட்டு 0.597 போட்டால், குண்டு வெகு தட்டையாகப் பறப்பதாகக் கணக்கு காட்டும். மைதானத்தில் 200 யார்டு வரை எல்லாம் சரியாகவே தெரியும். 400இல் அடிக்கும்போதுதான் ஏன் இவ்வளவு கீழே படுகிறது என்று தலையைச் சொறிவீர்கள்.

9. வாங்கும் முறை

முதலில் இரண்டு வகை, தலா இரண்டு பெட்டி. எடுத்த எடுப்பில் பத்துப் பெட்டி வேண்டாம். எந்தத் துப்பாக்கிக்கு எது பிடிக்கும் என்று சுட்டுத்தான் தெரிய வேண்டும். ஒரே மாடல், ஒரே தொழிற்சாலைத் துப்பாக்கிகள்கூட வேறுவேறு தோட்டாவை விரும்பும்.

ஈயத்திலிருந்து தாமிரத்துக்கோ, தாமிரத்திலிருந்து ஈயத்துக்கோ மாறும்போது நடுவில் குழலைத் தாமிரக் கறை போக நன்றாகத் துடையுங்கள். பிறகு ஐந்தாறு வெடி சும்மா சுட்டுவிட்டு அப்புறம் குரூப் பாருங்கள். துடைக்காமல் சோதித்துவிட்டு நல்ல குண்டைக் கழித்தவர்கள் நிறைய.

மூன்று வெடி குரூப்பை நம்பாதீர்கள். மூன்று வெடி ஒன்றாக விழுவது அதிர்ஷ்டத்திலும் நடக்கும். பத்து வெடி சுடுங்கள், குழல் சூடாகிவிடாமல் நடுநடுவே ஆறவிட்டு. பத்தும் 100 யார்டில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் 450 யார்டு எல்க்குக்கு அது தாராளம். அரை அங்குலம் வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்தால் பருவம் முடிந்துவிடும்.

பிடித்த தோட்டா கிடைத்ததும் அதே லாட் எண்ணில் (ஒரே தொகுப்பாகத் தயாரானவற்றின் எண்) மொத்தமாக வாங்குங்கள். லாட் எண் பெட்டியில் அச்சிட்டிருக்கும். லாட் மாறினால் வேகம் மாறலாம், படும் இடமும் மாறலாம். வெளி மாநிலத்திலிருந்து விமானத்தில் வருகிறவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை: பல விமான நிறுவனங்கள் தோட்டாவை 5 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. மீதியை இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் லாட் மாறிவிடும். வேட்டைக்கு இரண்டு பெட்டியே அதிகம், அதை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள்.

10. எல்லைத் தூரத்தில் தண்ணீர்ச் சோதனை

இதை யாரும் செய்வதில்லை. செய்து பாருங்கள் என்று கெஞ்சுவேன்.

பால் வரும் ஒரு கேலன் பிளாஸ்டிக் குடுவைகள் ஆறேழு சேர்த்து வையுங்கள். தண்ணீர் நிரப்பி, ஒன்றன் பின் ஒன்றாக, குண்டு வரும் திசையில் வரிசையாக ஒட்டி வையுங்கள். பின்னால் மண்மேடு கட்டாயம். முதலில் 50 யார்டு, பிறகு உங்கள் எல்லைத் தூரம். எந்தக் குடுவைவரை போனது, குண்டு எப்படி விரிந்திருக்கிறது, சமையலறைத் தராசில் எடை என்ன என்று பாருங்கள். தராசு கிராமில் காட்டினால், ஒரு கிராம் சுமார் 15.4 கிரெய்ன்.

தண்ணீர் சதை அல்ல. தண்ணீரில் நான்கு குடுவை என்றால் எல்க்கில் இத்தனை அங்குலம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு குண்டுகளை ஒப்பிட அது போதும். தூரத்தில் எடுத்த குண்டு சுட்டபடியே முனை மட்டும் கொஞ்சம் மழுங்கிக் கிடந்தால் அது உங்கள் தூரத்துக்கான குண்டு இல்லை. 450 யார்டில் ஆறு அங்குல அகலக் குடுவையை அடிக்க முடியவில்லையென்றால், சரி, அதுவும் ஒரு தகவல்தான். 3ஆம் படிக்குத் திரும்புங்கள்.

கிழிந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். பொது நிலங்களில் சுட இடம் மூடப்படுவதற்கு இந்தக் குப்பையும் ஒரு காரணம்.

11. மலையில்

முகாமுக்குப் போனதும் அனுமதியுள்ள இடத்தில் ஒரு வெடியாவது சுடுங்கள். விமானத்திலோ வண்டியிலோ ஸ்கோப் இடிபட்டிருக்கலாம். உயரம் மாறியிருக்கிறது, குளிரும் மாறியிருக்கிறது. செயலியில் அன்றைய எண்களைப் போட்டு, தூரத்துக்குத் தூரம் ஸ்கோப்பை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று ஒரு சிறு தாளில் எழுதித் துப்பாக்கியின் பின்கட்டையில் ஒட்டிவிடுங்கள். குளிரில் கைப்பேசி அணைந்துவிடும்.

அந்தத் தாளில் எல்லைத் தூரத்துக்கு மேல் எதையும் எழுதாதீர்கள். எழுதியிருந்தால் சுடத் தோன்றும். 520 யார்டில் ஆறு கிளைக் கொம்புள்ள ஆண் எல்க் நிற்கும்போது நம் கணக்கெல்லாம் கரைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். தாளில் எண் இல்லையென்றால் நெருங்கிப் போவதைத் தவிர வழியில்லை, பாதி நேரம் நெருங்கவும் முடிகிறது.

12. பட்ட பிறகு பார்க்க வேண்டியவை

விலங்கைப் பிரிக்கும்போது அவசரப்படாமல் குண்டின் பாதையைப் பாருங்கள். நுழைந்த துளை, வெளியே போன துளை, நுரையீரலில் காயத்தின் அகலம், எலும்பு உடைந்ததா, தோலுக்கு அடியில் குண்டு நின்றுவிட்டதா. நின்ற குண்டு கிடைத்தால் கழுவி எடை போடுங்கள். தூரத்தையும், செயலி சொல்லும் மோதும் வேகத்தையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு குண்டை மாற்றலாமா என்று யோசிக்கும்போது இந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவீர்கள்.

ஈயக் குண்டு என்றால் காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி ஒதுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துகள்கள் காயத்திலிருந்து தள்ளியும் போகும். வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால் இன்னும் அதிகம் ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்த ஆண்டு நான் தாமிரத்துக்கு மாறியது இதனால்தான். என் எல்லையும் 450இலிருந்து 400க்கு இறங்கியது, பின்கட்டையில் இருந்த தாளையும் புதிதாக எழுதினேன்.